மூடியைத் திறந்து பார்க்காதவனுக்கு மணிக்கூடு எதற்கு?

போன மாதம் ஒரு கலியாணவீடு. மண்டபத்தில் சாப்பாட்டுக்கு ஆட்கள் வரிசையில் நிற்கத் தொடங்கியிருந்தார்கள். சித்தப்பாவின் மகன், 23 வயதுப் பெடியன், பக்கத்துக் கதிரையில் வந்து இருந்து கோட்டின் கையை மெல்ல மேலே இழுத்துவிட்டான். உள்ளே ஒரு பழைய குரோனோகிராஃப். 1970களின் தொடக்கத்தில் செய்தது. கறுப்பு டயல், அதற்குள் இரண்டு வெள்ளைச் சின்ன வட்டங்கள். வடிவான மணிக்கூடுதான், அதில் பொய் சொல்ல மாட்டேன்.

"எவ்வளவு?"

"6,400 பிராங்க். வங்கியில சின்னக் கடன் ஒண்டு எடுத்தனான். அண்ணா, இது மணிக்கூடு இல்லை, முதலீடு."

"சரி. உள்ளுக்க என்ன மெஷின் ஓடுது?"

அவன் போனை எடுத்து ஒரு விலை வரைபடத்தைக் காட்டினான். கோடு இடமிருந்து வலமாக ஏறிக்கொண்டு போனது. நான் கேட்டது அது இல்லை. இரண்டாம் தரம் கேட்டேன். "பெயர் ஞாபகம் இல்லை, ஆனா ஒரிஜினல். ஒருநாளும் திறக்கவே இல்லை எண்டு வித்தவர் சொன்னவர்" என்றான், அது ஒரு பெருமை மாதிரி.

அவனிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். அவன் ஒருத்தனோடு நிற்கிற விஷயமாக இருந்தால் எழுதியிருக்கவே மாட்டேன். சுவிஸிலும் லண்டனிலும் ரொறொன்ரோவிலும் எங்கள் வயதுப் பெடியள், பெட்டையள் பலர் இப்போது பழைய மணிக்கூடு வாங்குகிறார்கள். எனக்கு அதில் சந்தோஷம். நானும் பத்து வருடமாக அதே பைத்தியம்தான். ஆனால் வாங்குகிறவர்களில் பெரும்பாலானோர் மணிக்கூட்டை வாங்கவில்லை. முன்பக்கத்தை வாங்குகிறார்கள். பெயரை, நிறத்தை, பெட்டியை, பத்திரத்தை வாங்குகிறார்கள். பின்மூடிக்குள் இருப்பது என்ன என்று கேட்டால் கோபம்கூட வருகிறது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

உள்ளே இருப்பது என்ன என்று முதலில் சொல்கிறேன். ஏனென்றால் இதை யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

சாதாரண மணிக்கூடு ஒரே ஒரு வேலை செய்கிறது. வில் ஒன்று அவிழ்கிறது, பற்சக்கரங்கள் சுற்றுகின்றன, முள்ளுகள் நகர்கின்றன. குரோனோகிராஃப் அதன் முதுகில் இன்னொரு இயந்திரத்தைச் சுமக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் மணிக்கூட்டை நிறுத்தாமல், நீங்கள் கேட்கும் நேரத்தில் மட்டும் அதிலிருந்து சக்தியைக் கடன் வாங்கி ஒரு செக்கன் முள்ளை ஓட்ட வேண்டும். நிறுத்தச் சொன்னால் அந்த இடத்திலேயே பிடித்து வைக்க வேண்டும். திரும்பச் சொன்னால் எங்கே நின்றாலும் 12க்கே வர வேண்டும். பெரிய முள்ளு மட்டுமல்ல, நிமிடம் எண்ணும் சின்ன முள்ளும்தான். இவ்வளவும் சுமார் 30 மில்லிமீற்றர் அகலமான ஒரு தட்டுக்குள், மின்சாரம் இல்லாமல்.

மேல் பொத்தானை அமத்துகிறீர்கள். உள்ளே ஒரு கொக்கி, கோட்டைக் கொத்தளம் போல மேலே தூண்கள் நிற்கும் ஒரு சின்னச் சக்கரத்தை ஒரு பல் தூரம் இழுக்கிறது. அதுதான் கொலம் வீல். நான் தூண்சக்கரம் என்பேன். சக்கரம் திரும்பியதும் ஒரு நெம்புகோலின் மூக்கு தூணில் இருந்து இறங்கி இரண்டு தூண்களுக்கு இடையில் விழுகிறது. அதன் மறுமுனையில் எப்போதும் சுற்றிக்கொண்டே இருக்கும் ஒரு சக்கரம், மயிரிழைப் பற்களோடு நகர்ந்து போய் நடுவிலுள்ள சக்கரத்தைக் கடிக்கிறது. அதே கணத்தில் பிரேக் விலகுகிறது. முள்ளு புறப்படுகிறது. இரண்டாம் தரம் அமத்தினால் அந்த மூக்கு மறுபடி தூணில் ஏறுகிறது, கடித்த பற்கள் விலகுகின்றன, பிரேக் வந்து ஒட்டுகிறது.

நான் பொறியியலில் மாஸ்டர் முடித்துவிட்டு இப்போது நிறுவனங்களுக்கு ஐடி ஆலோசனை சொல்லிச் சம்பளம் எடுக்கிறேன். ஓடு, நில், பூச்சியம் என்ற மூன்று நிலைகளையும், ஒன்றிலிருந்து எதற்குப் போகலாம், எதற்குப் போகக்கூடாது என்பதையும் புரோகிராமில் எழுதத்தான் நாங்கள் மணிக்கணக்காகக் கூட்டம் வைக்கிறோம். தூண்சக்கரத்தில் அது உருக்கில் வெட்டி வைக்கப்பட்டிருக்கிறது. முள்ளு ஓடிக்கொண்டிருக்கும்போது பூச்சியத்துக்குத் திருப்பும் பொத்தானை அமத்திப் பாருங்கள், இடம் கொடுக்காது. தூண் ஒன்று குறுக்கே நிற்கும். (எல்லா இயந்திரத்திலும் இந்தக் காவல் இல்லை. ஆகவே உங்கள் மணிக்கூட்டின் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் இதைச் செய்து பார்க்க வேண்டாம்.)

எனக்கு இன்னும் அலுக்காதது பூச்சியத்துக்குத் திரும்பும் அந்த ஒரு கணம். செக்கன் முள்ளின் அச்சில் இதய வடிவத்தில் ஒரு சின்னத் தகடு இருக்கிறது. கீழ்ப்பொத்தானை அமத்தினால் ஒரு சுத்தியல் அதன் விளிம்பில் வந்து அடிக்கிறது. இதயத்தின் எந்த இடத்தில் அடிபட்டாலும் அது வழுக்கிக்கொண்டு சுழன்று மேலே உள்ள பள்ளத்தில்தான் போய் நிற்கும். வேறு வழியே இல்லை. 17ஆவது செக்கனில் நின்றாலும் 43இல் நின்றாலும் கிட்டின பக்கத்தால் 12க்கு வந்துவிடும். இதற்கு அடோல்ஃப் நிக்கோல் என்பவர் 1844இல் காப்புரிமை எடுத்தார். இன்றைக்குப் புதிதாக வரும் இயந்திரக் குரோனோகிராஃபிலும் இதே இதயம்தான். அதற்கு முன்னம் இருந்த கருவிகள் பெரும்பாலும் இப்படித் திரும்பவில்லை. 1821இல் பாரிசில் குதிரைப் பந்தயத்துக்கு ரியூசெக் கொண்டுவந்த கருவி டயலில் மைப்பொட்டு வைத்தது. குரோனோகிராஃப் என்றால் நேரத்தை எழுதுவது என்று அர்த்தம் வந்தது அங்கிருந்துதான்.

இப்போது விலைக்கு வருவோம்.

2017 ஒக்டோபரில் நியூயோர்க்கில் நடிகர் போல் நியூமன் கட்டிய ரோலெக்ஸ் டேடோனா ஏலத்தில் 1 கோடியே 77 இலட்சத்து 52 ஆயிரத்து 500 டொலருக்குப் போனது. அவருடைய மனைவி கவனமாய் ஓட்டச் சொல்லிப் பின்மூடியில் எழுதிக் கொடுத்த மணிக்கூடு. அந்தக் கதைக்கு ஒருவர் எவ்வளவு கொடுத்தாலும் அது அவருடைய காசு. ஆனால் உள்ளே ஓடியது என்ன? வால்ஜூ 72 என்ற இயந்திரத்தை ரோலெக்ஸுக்காகக் கொஞ்சம் திருத்தி எடுத்த ஒரு வடிவம். வலே டு ஜூ என்ற மலைப் பள்ளத்தாக்கில், லே பியூ என்ற ஊரில் இருந்த ஒரு தொழிற்சாலை அதைச் செய்து, கேட்டவருக்கெல்லாம் விற்றது. ஹோயர் கரேராவில் அதே 72. எனிகார் ஷெர்பா கிராஃபில் அதே 72. இன்று பெயரே மறந்துபோன கம்பனிகளின் மணிக்கூடுகளிலும் அதே 72. அந்த ஊர்த் தொழிலாளி ஒரு பெட்டியில் ரோலெக்ஸுக்கு ஒன்றும் இன்னொரு பெட்டியில் மற்றவனுக்கு ஒன்றும் போட்டு அனுப்பினான். முடிப்பு வேலையில் வித்தியாசம் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஒன்றின் விலைக்கும் மற்றதின் விலைக்கும் நடுவிலுள்ள பள்ளம் அந்த வேலையால் வந்தது இல்லை. டயலில் அச்சடித்த பெயரால் வந்தது.

டயலைக் கும்பிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு எங்கள் நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது. 2021 நவம்பரில் ஜெனீவாவில் ஒரு பழைய ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் 31 இலட்சத்து 15 ஆயிரத்து 500 பிராங்குக்கு ஏலம் போனது. கறுப்பு டயல் காலத்தால் மண்ணிறமாக மாறிய மணிக்கூடு. அந்த நிறத்துக்காக ஆட்கள் பறந்தார்கள். கடைசியில் வாங்கியது யார் என்று நினைக்கிறீர்கள்? ஒமேகாவே, தன் அருங்காட்சியகத்துக்காக. 2023இல் அதே நிறுவனம், அது பல இடத்து உதிரிப்பாகங்களைச் சேர்த்துப் பொருத்திய மணிக்கூடு என்றும், தன் முன்னாள் ஊழியர்களுக்கு அதில் பங்கு இருந்தது என்றும் அறிவித்தது. செய்த கம்பனிக்கே இந்தக் கதி. அந்த இடத்தில் சின்னக் கடன் எடுத்த 23 வயதுப் பெடியனுக்கு என்ன பாதுகாப்பு இருக்கிறது?

"அதுக்குத்தான் அண்ணா ஒருநாளும் திறக்காததாய்ப் பார்த்து வாங்கிறம்" என்று ஒரு கூட்டம் வரும். தம்பி, 50 வருடம் எண்ணெய் மாற்றாத காரை யாராவது அப்படிச் சொல்லி விற்றால் வாங்குவாயா? மணிக்கூட்டு எண்ணெய் காய்ந்துபோகும். காய்ந்த பிறகும் ஓடினால் உருக்கில் உருக்கு உரைஞ்சு, அந்தத் தூள் கறுப்புப் பசையாகி அச்சுகளைத் தின்னும். திறக்காத மணிக்கூடு கன்னி இல்லை, நோயாளி. திறக்கவில்லை என்று பெருமை பேசுகிறவர் இரண்டில் ஒன்று: உள்ளே என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது, அல்லது நன்றாகத் தெரியும்.

நான் இதைப் பெரிய ஆள் மாதிரி எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். என் முதல் குரோனோகிராஃபை நானும் முகம் பார்த்துத்தான் வாங்கினேன். ஒரு சந்தையில், 2,900 பிராங்க் எண்ணிக் கொடுத்தேன். வெள்ளை டயல், கறுப்பு வட்டங்கள். வித்தவர் மூடியைத் திறக்க மாட்டேன் என்றார், "தூசி போகும்" என்று. நானும் தலையாட்டினேன். பொறியியல் படித்த தலை.

வீட்டில் ஒரு மாதம் கழித்துத்தான் திறந்தேன். எனக்கு அப்போது ஒன்றும் விளங்கவில்லை. மின்னியது, சுற்றியது, அவ்வளவுதான். அம்மா பக்கத்தில் வந்து நின்றா. எங்கள் அம்மா பீல் நகருக்குக் கிட்ட ஒரு தொழிற்சாலையில் 11 வருடம் மணிக்கூடு பொருத்தும் வரிசையில் இருந்தவ. வீட்டில் அதைப் பற்றி அவ கதைத்ததே இல்லை, நாங்களும் கேட்டதே இல்லை. வேலை, சம்பளம், அவ்வளவுதான். என் லூப்பை வாங்கிக் கண்ணில் வைத்து அரை நிமிடம் பார்த்தா.

"உந்த ஆணியின்ர தலையைப் பார். ஆரோ அளவில்லாத ஸ்க்ரூ டிரைவராலை திருகியிருக்கினம். எங்கட பக்டரியில இப்பிடிச் செய்தா அண்டைக்கே கூப்பிட்டுக் கதைச்சுப்போடுவினம். இந்தப் பாலமும் இதின்ர இல்லைப்போல. நிறம் வேறை."

சரியாகச் சொன்னா. பிறகு மணிக்கூடு திருத்தும் ஒரு வயதானவரிடம் கொண்டுபோனபோது அவரும் அதையே சொன்னார்: பாலம் வேறொரு மணிக்கூட்டில் இருந்து கழற்றியது, சுத்தியலை யாரோ அரத்தால் தேய்த்துப் பொருத்தியிருக்கிறார்கள், டயலும் மறுபடி அச்சடித்தது. திருத்த 1,100 பிராங்க் முடிந்தது. நான் வெட்கப்பட்டது காசுக்கு இல்லை. 11 வருடம் சாமணம் பிடித்த கை என் வீட்டிலேயே இருந்தது. நான் முன்பின் தெரியாதவரின் வீடியோக்களைப் பார்த்து மணிக்கூடு படித்துக்கொண்டிருந்தேன்.

சரி, உள்ளே பார்த்து வாங்குங்கள் என்று சொன்னவுடன் இன்னொரு கோஷ்டி எழும்பும். தூண்சக்கரம் இல்லாவிட்டால் அது குரோனோகிராஃபே இல்லை என்பார்கள். முதலீட்டுக்காரரைவிட இவர்கள் எனக்கு அதிகம் எரிச்சல் தருகிறார்கள், ஏனென்றால் இவர்கள் பாதி படித்தவர்கள். தூண்சக்கரத்தை வெட்டிச் செதுக்கிச் சீர்செய்ய நேரமும் கைத்திறனும் வேண்டும், விலையும் ஏறும். அதற்குப் பதிலாக வளைவுகள் வெட்டிய தட்டையான கேம் ஒன்றை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டி அதே வேலையைச் செய்யலாம் என்று ஒருவர் யோசித்தாரே, அதுவும் மூளைதான். லாண்டரோன் 48 அப்படி ஒன்று. 1930களின் கடைசியில் வந்தது. மேல் பொத்தான் தொடங்க மட்டும். கீழ்ப்பொத்தான் முதல் தரம் நிறுத்தும், இரண்டாம் தரம் பூச்சியமாக்கும். முதல் நாள் கைக்குப் பிடிபடாது, பிறகு விட மனம் வராது. என்னுடையதை 380 பிராங்குக்கு வாங்கினேன். ஒமேகாகூட 1968இல் ஸ்பீட்மாஸ்டருக்குள் தூண்சக்கரம் இருந்த 321ஐ எடுத்துவிட்டுக் கேம் உள்ள 861ஐ வைத்தது. அதன் வழிவந்த இயந்திரங்கள் அதற்குப் பிறகு அரை நூற்றாண்டு ஓடின.

ஆகவே கையில் கனக்கக் காசு இல்லாதவர்களுக்கு நான் சொல்வது: வால்ஜூ 7733, திகதியோடு வேண்டுமென்றால் 7734. அதற்குள் ஓடுவது வீனஸ் 188 என்ற பழைய இயந்திரத்தின் இரத்தம். 1966இல் வீனஸை வால்ஜூ எடுத்துக்கொண்டபோது கூட வந்தது. அந்த 7734ஐச் செய்யும் கருவிகளை சோவியத் ஒன்றியம் வாங்கிக்கொண்டு போய் மொஸ்கோவில் பொல்யோட் 3133 செய்தது. வீனஸின் இன்னொரு இயந்திரம், 175, தூண்சக்கரம் உள்ளது. அதன் கருவிகள் 1960களின் தொடக்கத்தில் சீனாவுக்கு விற்கப்பட்டன; சீ-கல் என்ற பெயரில் தியான்ஜின் நகரில் அதன் வாரிசை இன்றும் புதிதாகச் செய்கிறார்கள். அகதியாய்ப் போன இயந்திரங்கள் என்று நான் பகிடியாகச் சொல்வேன். போன இடத்தில் நன்றாகவே வாழ்ந்திருக்கின்றன. சீகோ 6139ஐயும் மறக்க வேண்டாம். 1969. தானாக முறுக்கிக்கொள்ளும் குரோனோகிராஃப். பற்கள் பக்கவாட்டில் வந்து கடிப்பதற்குப் பதிலாக, காரின் கிளட்ச் மாதிரித் தட்டுகள் மேலும் கீழுமாக ஒட்டிப் பிரியும். அதனால் முள்ளு புறப்படும்போது துள்ளாது. அந்தத் துள்ளலைப் பழைய வால்ஜூவில் பார்த்த பிறகு சீகோவைப் பாருங்கள். இரண்டு பொறியாளர்கள் ஒரே கேள்விக்கு எழுதிய இரண்டு பதில்கள் பக்கத்தில் பக்கத்தில் கிடப்பது மாதிரி இருக்கும்.

வாங்கும்போது இயந்திரத்தின் படம் கேளுங்கள். தெளிவான படம் தர மறுத்தால் காசைச் சட்டைப்பையிலேயே வையுங்கள். பத்துத் தரம் ஓட்டி நிறுத்திப் பூச்சியமாக்கிப் பாருங்கள். முள்ளு ஒவ்வொரு தரமும் சரியாக 12இல் வந்து நிற்க வேண்டும், கொஞ்சம் தள்ளி நின்றால் காரணம் கேளுங்கள். குரோனோகிராஃபை ஓடவிட்டபடி கொஞ்ச நேரம் காதில் வைத்துக் கேளுங்கள். மணிக்கு 18,000 என்றால் செக்கனுக்கு ஐந்து அடி, அது தளராமல் இருக்க வேண்டும். ஆணித் தலைகளைப் பாருங்கள் (இது அம்மாவின் சேர்க்கை). திருத்தும் செலவையும் சேர்த்துத்தான் விலை என்று கணக்குப் போடுங்கள். ஒன்று முக்கியம்: 1960களுக்கு முந்திய, இருட்டில் ஒளிர்ந்த டயல்களில் ரேடியம் இருக்கலாம். ஒளிராவிட்டாலும் கதிர்வீச்சு இருக்கும். அந்த டயலையும் முள்ளுகளையும் வீட்டில் கழற்றவோ சுரண்டவோ வேண்டாம்.

"போனில் ஸ்டொப்வோட்ச் இருக்கே?" இருக்கிறது. திருத்தமானதும் அதுதான். சண்டையே இல்லை. ஆனால் போன் எப்படி எண்ணுகிறது என்று நீங்கள் கண்ணால் பார்க்க முடியாது, நான் எழுதுகிற புரோகிராமை என் அம்மாவால் பார்க்க முடியாத மாதிரி. 1970 ஏப்ரலில் அப்பலோ 13 விபத்துப்பட்டுத் திரும்பும் வழியில், மின்சாரத்தை மிச்சம் பிடிக்கப் பெரும்பாலானவற்றை நிறுத்தி வைத்திருந்தார்கள். பாதையைத் திருத்த 14 செக்கன் இயந்திரத்தை எரிய விட வேண்டியிருந்தது. அதைக் கையில் கட்டியிருந்த ஸ்பீட்மாஸ்டரால் அளந்தார்கள். அந்த மணிக்கூடு பெட்டிக்குள் பூட்டி விலை ஏறக் காத்திருந்தது இல்லை. 93 பாகை வெப்பத்திலும் உறைகுளிரிலும் போட்டு நாசா சோதித்து, 1965இல் வேலைக்கு எடுத்த மணிக்கூடு.

"அந்தக் காசுக்கு நகை வாங்கலாம்" என்பது பெரியம்மாமாரின் வாதம். நியாயமான வாதம். முதலீடுதான் வேண்டுமென்றால் உண்மையிலேயே நகை வாங்குங்கள் என்றுதான் நானும் சொல்வேன். பவுணுக்கு எண்ணெய் போடத் தேவையில்லை.

இனி, எனக்கு இது ஏன் இவ்வளவு கோபத்தைத் தருகிறது என்ற விஷயம். 1970இல் சுவிஸ் மணிக்கூட்டுத் தொழிலில் சுமார் 90,000 பேர் வேலை செய்தார்கள். 1980களின் நடுவில் 30,000 பேரைக் கொஞ்சம் தாண்டித்தான் மிஞ்சியிருந்தார்கள். குவார்ட்ஸ் வந்தது, இயந்திரம் செத்துவிட்டது என்று கணக்குப் பார்க்கிறவர்கள் தீர்மானித்தார்கள். கருவிகள் இரும்பு விலைக்குப் போயின. அந்தத் தொழில் சரிந்து கிடந்த அதே வருடங்களில்தான் எங்கள் அப்பாமார் இந்த நாட்டில் வந்து இறங்கி, உணவகக் குசினிகளில் கோப்பை கழுவத் தொடங்கினார்கள்.

லு லோக்ல் என்ற ஊரில் செனித் தொழிற்சாலை. 1969 ஜனவரி 10ஆம் திகதி அவர்கள் எல் பிரிமேரோவை அறிவித்தார்கள்: தானாக முறுக்கிக்கொள்ளும், தூண்சக்கரம் உள்ள, மணிக்கு 36,000 தடவை அடிக்கும் குரோனோகிராஃப், செக்கனைப் பத்தாகப் பிரித்து அளக்கும். ஆறே வருடத்தில், 1975இல், நிறுவனத்தின் அமெரிக்க முதலாளிகள் உற்பத்தியை நிறுத்தச் சொன்னார்கள். கருவிகளை விற்கச் சொல்லி உத்தரவு. ஷார்ல் வெர்மோ அங்கே வேலை செய்த ஒருவர். அவர் கேட்டுப் பார்த்தார், நடக்கவில்லை. பிறகு அச்சுகள், கேம்கள், வெட்டும் கருவிகள், வரைபடங்கள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கட்டிடத்தின் மேல்மாடத்துக்குக் கொண்டுபோய் ஒளித்தார். எது எங்கே, எது எதற்கு என்று எழுதி வைத்தார். 1980களில் இயந்திர மணிக்கூட்டுக்கு மறுபடி கேள்வி வந்தபோது மேல்மாடத்தைத் திறந்தார்கள். எல் பிரிமேரோ திரும்பி வந்தது. 1988இல் ரோலெக்ஸ் தன் டேடோனாவுக்கு எடுத்ததும் அதைத்தான், அடியை 28,800 ஆகக் குறைத்துக்கொண்டு. இன்று ஏலத்தில் அந்த டேடோனாவுக்குக் கை தூக்குகிறவர்களில் எத்தனை பேருக்கு அந்த மேல்மாடம் தெரியும்?

அந்தக் காலத்தில் வெர்மோவும் "முதலீடு" என்று மட்டும் பார்த்திருந்தால் சொன்னபடி இரும்பு விலைக்குப் போட்டிருப்பார். விலை வரைபடம் அன்றைக்குக் கீழ்நோக்கித்தான் போனது.

இப்போது பழைய மணிக்கூடு வாங்குகிறவர்களின் காசு டயலுக்கும் பெயருக்கும் மட்டும் போகிறது. திருத்துகிறவர்களுக்குப் போகவில்லை. பல பெரிய கம்பனிகள் தனியே தொழில் செய்பவர்களுக்கு உதிரிப்பாகம் கொடுப்பதைக் குறைத்துவிட்டன. பழைய வால்ஜூவுக்கு ஒரு சின்ன வில் வேண்டுமென்றால் இன்னொரு வால்ஜூவைச் சாகடித்துத்தான் எடுக்க வேண்டிய நிலை. என் மணிக்கூட்டைத் திருத்திய அந்த வயதானவர் இப்போது கிழமைக்கு இரண்டு நாள்தான் கடை திறக்கிறார். பழக வருகிற பிள்ளைகள் இல்லை என்கிறார். பொறுமையும் கையும் உள்ள பிள்ளைகள் எங்களுக்குள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். மணிக்கூடு செய்வது இந்த நாட்டில் முறையாகப் படிக்கக்கூடிய ஒரு தொழில். ஆனால் தொழிற்பயிற்சிக்கு இடம் தேடும் வயதில் வங்கி, காப்புறுதி, ஐடி என்று மட்டும்தான் எங்கள் வீடுகளில் கதைக்கிறோம். நானும் அப்படி வந்தவன்தான். எனக்கு 15 வயதில் யாராவது ஒரு பின்மூடியைத் திறந்து காட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சில இரவுகளில் யோசிப்பதுண்டு.

கலியாணவீட்டுக்கு அடுத்த ஞாயிறு தம்பியை வீட்டுக்கு வரச் சொன்னேன். திறப்பானைக் கையில் எடுத்ததும் அவன் முகம் வெளிறிப் போனது. "பெறுமதி குறைஞ்சிடுமோ?" என்றான். அம்மா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு லூப்போடு பக்கத்தில் இருந்தா. மூடி கழன்றது. வால்ஜூ 7733. நான் 700 பிராங்குக்கு வாங்கி மேசையில் வைத்திருந்த, யாருக்கும் பெயர் தெரியாத மணிக்கூட்டுக்குள் ஓடுகிற அதே இயந்திரம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். அவன் கொஞ்ச நேரம் ஒன்றும் கதைக்கவில்லை.

ஆணிகள் நல்லாய் இருக்கு என்று அம்மா சொன்னா. கலப்படம் இல்லை, துரு இல்லை. எண்ணெய் மட்டும் முற்றாகக் காய்ந்திருந்தது. ஓடவிட்டால் அடி தளர்ந்து தளர்ந்து விழுந்தது. இன்னும் ஒரு வருடம் இப்படியே கட்டியிருந்தால் அச்சுகள் போயிருக்கும். அடுத்த வெள்ளி திருத்துபவரிடம் நேரம் எடுத்திருக்கிறோம். செலவில் பாதி நான் கொடுக்கிறேன் என்றேன், மாட்டேன் என்றுவிட்டான்.

மூட முன்னம், ஒரே ஒரு தரம் ஓடவிட்டு நிறுத்திக் கீழ்ப்பொத்தானை அமத்திக் காட்டினேன். சுத்தியல் விழுந்தது, இதயம் சுழன்று நின்றது. கடன் கட்டி முடிய இன்னும் 27 மாதம் கிடக்கிறது. அவன் லூப்பைக் கண்ணில் இருந்து எடுக்கவே இல்லை.

"இன்னொருக்கா அமத்துங்கோ அண்ணா."